கொரங்காட்டு மண்

கொங்கு நாட்டில் ‘காடு’ என்றால் அடர்ந்த வனம் என்று பொருளன்று. மழையை நம்பி விதைக்கப்படும் புன்செய் மேட்டு நிலத்தையே அவ்வட்டாரத்தார் காடு என்கின்றனர். ஒருவர் காட்டுக்குப் போயிருக்கிறார் என்றால் நிலத்தில் வேலையாக இருக்கிறார் என்பதே பொருள். அந்தக் காடுகளுக்கு நடுவே, ஏர் பெரும்பாலும் படாமல், ஆடுமாடுகளின் மேய்ச்சலுக்கென்றே வேலியடைத்துப் பேணப்படும் நிலத்துக்குக் கொரங்காடு என்று தனிப்பெயர் வழங்குகிறது. காங்கேயம், தாராபுரம், மூலனூர், வெள்ளக்கோவில் ஆகிய ஊர்களைச் சுற்றியும், கரூர், திண்டுக்கல் மாவட்டங்களின் வறண்ட பகுதிகளிலும் பரந்து கிடக்கும் இந்நிலங்களின் அமைப்பு பார்வைக்கு மிக எளியது: நாற்புறமும் முள்கிளுவையாலான உயிர்வேலி, உள்ளே தரையெங்கும் கொழுக்கட்டைப்புல், ஆங்காங்கே ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கும் வெள்வேல மரங்கள். காங்கேயம் மாடுகளும் மேச்சேரிச் செம்மறிகளும் மேய்ந்து வளர்வது இத்தகைய நிலங்களில்தான்.

மரத்தைப் பயிரோடும் கால்நடையோடும் ஒரே நிலத்தில் சேர்த்து வளர்க்கும் முறையை இன்றைய அறிவியல் வேளாண்காடு என்கிறது. அதனுள் மரம், புல், கால்நடை மூன்றும் சேர்ந்த வகையை மரமேய்ச்சல் நிலம் எனலாம். 1978இல் இதற்கென நைரோபியைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு ஆய்வு அமைப்பு ஒன்று உருவான காலத்திலிருந்தே இது தனித் துறையாக வளர்ந்தது. 2014இல் தேசிய வேளாண்காடு கொள்கையை வெளியிட்டதன் மூலம், இத்தகைய கொள்கையை வகுத்த முதல் நாடாக இந்தியா ஆனது. கொரங்காடு இவ்விரண்டுக்கும் பல தலைமுறை மூத்தது. மரம் வைத்தால் மண் வளப்படும் என்பது எங்கும் சொல்லப்படும் செய்தி. ஆனால் எந்த மரம், எத்தனை மரம், அதன் அடியில் வளர்வது என்ன, அங்கே மேய்வது எது, எப்போது மேய்கிறது என்ற கேள்விகளை விட்டுவிட்டுச் சொன்னால் அச்செய்தி பாதி உண்மையாகவே நின்றுவிடும். மறுபாதியைக் கற்றுக்கொள்ளக் கொரங்காட்டைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் அரிது.

இந்த வட்டாரத்தின் இயற்கை மண்ணுக்குச் சாதகமானதன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடப்பதால் தென்மேற்குப் பருவம் இங்கே மழையைவிடக் காற்றையே அதிகம் கொண்டுவருகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே குவிந்து பாயும் அந்தக் காற்று ஆனியிலும் ஆடியிலும் நிலத்தின் ஈரத்தை உறிஞ்சுவதோடு, பிடிப்பில்லாத மேல்மண்ணையும் வாரிக்கொண்டு போகும். தாராபுரம், உடுமலைப் பக்கங்களில் காற்றாலைகள் வரிசைகட்டி நிற்பதற்கும் அதே காற்றுதான் காரணம். ஆண்டு மழை ஏறத்தாழ 600 முதல் 700 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சில நாள்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். மண்ணோ பெரும்பாலும் சரளை கலந்த, ஆழம் குறைந்த செம்மண். ஆண்டில் சில நாள்களே பெய்யும் நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு மீதி நாள்களை ஓட்ட வேண்டிய கட்டாயம் இந்த மண்ணுக்கு இருக்கிறது.

மண்ணின் தரம் என்பது உரச்சத்துக் கணக்கு மட்டுமன்று. தழைச்சத்து எனப்படும் நைட்ரஜன், மணிச்சத்து எனப்படும் பாஸ்பரஸ், சாம்பல்சத்து எனப்படும் பொட்டாசியம் ஆகியவற்றோடு, மண் எவ்வளவு நீரை உள்ளே விடுகிறது, எவ்வளவு நேரம் அதைப் பிடித்து வைக்கிறது, காற்றுக்கும் வேருக்கும் இடம் தரும் அளவுக்குப் பொலபொலப்பாக இருக்கிறதா, அதில் நுண்ணுயிர்களும் மண்புழுக்களும் கறையான்களும் வாழ்கின்றனவா என்பனவும் சேர்ந்ததே மண்ணின் தரம். இவை அனைத்தையும் இணைக்கும் கண்ணி அங்ககக் கரிமம், அதாவது இலை, வேர், சாணம் முதலிய உயிர்ப்பொருள்கள் மட்கி மண்ணோடு கலந்திருக்கும் கரிமப் பகுதி. மண்ணாய்வுக் கூடங்களில் இது 0.5 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் ‘குறைவு’ என்றும், 0.75 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ‘அதிகம்’ என்றும் குறிக்கப்படுகிறது. நம் மானாவாரி நிலங்களில் பெரும்பாலானவை முதல் வகையில் விழுபவை. நூறு கிலோ மண்ணில் அரைக் கிலோகூட இல்லாத இந்தப் பொருள்தான் மணலையும் களியையும் ஒட்டவைத்துச் சிறு திரள்களாக்குகிறது. அத்திரள்களின் இடைவெளி வழியேதான் மழைநீர் இறங்குகிறது, அவற்றின் உள்ளேதான் சத்துகள் தங்குகின்றன.

மரம் இந்தக் கரிமத்தை எப்படிக் கூட்டுகிறது என்று கேட்டால் உதிரும் இலையைத்தான் முதலில் சுட்டுவார்கள். அது சரியே, நஞ்சை உழவர்கள் புங்கன் தழையையும் பிற்காலத்தில் கிளிரிசிடியாத் தழையையும் வெட்டி வந்து சேற்றில் மிதித்தது அந்த அறிவினால்தான். ஆனால் எல்லா இலையும் ஒன்றுபோல் மட்குவதில்லை. நைட்ரஜன் மிகுந்த மெல்லிய இலை சில வாரங்களில் கரைந்து பயிருக்குச் சத்தாகிவிடும். நார்ப்பொருளும் துவர்ப்பொருளும் மிகுந்த இலை மெதுவாகவே மட்கி, சத்தைவிட மண்ணின் மூடாக்காகவே நெடுநாள் பயன்படும். வெள்வேலின் இலை வேல மரங்களுக்கே உரிய சிறுசிறு துணுக்குகளாலானது. அது உதிர்ந்தால் தரையை மெத்தையாக மூடி அடியிலுள்ள புல்லை நெரிப்பதில்லை, புல்லின் தூர்களுக்கு இடையே இறங்கிவிடுகிறது. அதன் தழையமைப்பும் வெயிலைச் சல்லடைபோல வடித்து விடுவதால் அடியில் புல் வளர முடிகிறது. வெற்றுத்தரையின் மேற்பரப்பு கோடை நண்பகலில் 50 டிகிரி செல்சியசையும் தாண்டிக் கொதிக்கக்கூடிய நாட்டில், அந்த வடிகட்டிய நிழல் மண்ணுயிர்களுக்கு அடைக்கலம் ஆகிறது.

மரத்தடியில் புல் இருப்பது எத்துணை இன்றியமையாதது என்பதைத் தேக்குத் தோட்டங்கள் உணர்த்துகின்றன. மரம் மழையின் வேகத்தைத் தணித்து மண்ணரிப்பைத் தடுக்கும் என்பது பொதுவான நம்பிக்கை. ஆனால் அகன்ற இலைகளில் விழும் மழைத்துளிகள் ஒன்றுசேர்ந்து பெருந்துளிகளாகி, உயரத்திலிருந்து சொட்டும்போது வானத்திலிருந்து நேரே விழும் துளியைவிடவும் வலுவாகத் தரையைத் தாக்கக்கூடும். அடியில் செடிகொடியோ சருகோ இல்லாத தேக்குத் தோட்டங்களில் மண்ணரிப்பு மிகுவதற்கு இது ஒரு காரணம். மண்ணைக் காப்பது மரத்தின் உச்சியன்று, தரையை ஒட்டிய உறையே. கொரங்காட்டில் அந்த உறையாக இருப்பது கொழுக்கட்டைப்புல்.

இந்தப் புல்லுக்கு உரிய புகழ் இன்னும் கிடைக்கவில்லை. பல ஆண்டு வாழும் இது, தூர்கட்டி வளர்ந்து, வறட்சியில் மேற்பகுதி காய்ந்தாலும் அடித்தூர் சாகாமல் கிடந்து, அடுத்த மழைக்குத் தளிர்ப்பது. அதன் வேர்கள் மயிரிழைகளாகப் பல்கி மேல்மண் முழுவதையும் பின்னிக்கொள்கின்றன. மேயும் ஆடு இலையைக் கறிக்குந்தோறும் புல் தன் வேரின் ஒரு பகுதியைக் கைவிட்டு, தளிர்க்கும்போது புதிய வேரை விடுகிறது. கைவிடப்பட்ட வேர் மண்ணுக்குள்ளேயே மட்குகிறது. மேலே விழும் இலையின் கரிமத்தில் பெரும்பகுதி வெயிலிலும் காற்றிலும் கரியமில வாயுவாக மீண்டும் வானத்துக்குப் போய்விட, வேரின் கரிமம் களித்துகள்களோடு நேரே ஒட்டி அதிக காலம் தங்குகிறது என்பது கடந்த சில பத்தாண்டுகளில் மண்ணியலார் பெற்ற தெளிவு. வேரோடு கூடி வாழும் வேர்ப்பூசணங்கள் எனப்படும் நுண்ணிய பூஞ்சைகளும் இதில் பங்கேற்கின்றன. இழையினும் மெல்லிய அவற்றின் நூல்கள் மண்துகள்களைச் சுற்றிக் கட்டுவதோடு, வேர் எட்டாத இடத்திலிருந்து மணிச்சத்தைக் கொணர்ந்து தருகின்றன. ஏர் அடிக்கடி ஓடும் நிலத்தில் அந்த நூல்கள் அறுந்துகொண்டே இருக்கும். ஏர் பெரும்பாலும் ஓடாத கொரங்காட்டில் அவை நிலைக்கின்றன. புல் நலிந்துபோனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மேலாக உழுது, சோளமோ கொள்ளோ விதைத்து எடுத்துவிட்டு மீண்டும் புல்லுக்கு விடும் வழக்கமும் உண்டு.

மரத்தடி மண் வளமாக இருப்பதைக் காட்டும் ஆய்வுகள் உலகெங்கும் பல. மேற்கு ராஜஸ்தானில் கெஜ்ரி என்று போற்றப்படும் மரம் நம்மூர் வன்னியே. அதன் அடியில் கம்பு செழிப்பதை அங்குள்ள உழவர்கள் நெடுங்காலமாக அறிவார்கள், மண்ணாய்வுகளும் அதன் அடியில் அங்ககக் கரிமமும் தழைச்சத்தும் மிகுந்திருப்பதைக் காட்டியுள்ளன. இத்தகைய இடங்களை ஆய்வாளர்கள் ‘வளத்தீவுகள்’ என்கின்றனர். ஆனால் இங்கே ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியாது: அந்த வளத்தை மரம் ஆக்கியதா, அல்லது பிற இடங்களிலிருந்து திரட்டியதா? இரண்டும் நடக்கின்றன, இரண்டும் ஒன்றல்ல. நண்பகலில் மாடும் ஆடும் நிழலைத் தேடி மரத்தடியில் வந்து படுக்கின்றன. வெட்டவெளியில் மேய்ந்த புல்லின் சத்து சாணமாகவும் சிறுநீராகவும் மரத்தடியில் சேர்கிறது. காற்றில் வரும் தூசியைத் தழைகள் பிடித்து அடுத்த மழையில் கீழே கழுவி விடுகின்றன. பறவைகள் எச்சமிடுகின்றன. பக்கவாட்டில் நெடுந்தொலைவு ஓடும் வேர்கள் சுற்றுவட்டாரச் சத்தை இழுத்து இலையாக்கி அடியில் உதிர்க்கின்றன. இவையெல்லாம் இடமாற்றமே, மரத்தடி செழித்த அளவுக்கு வெட்டவெளி மெலிந்திருக்கவும் கூடும். முதலிலேயே சற்று வளமாக இருந்த இடத்தில்தான் விதை முளைத்து மரமாகியிருக்கும் என்ற வாய்ப்பும் உண்டு.

நிலத்துக்குப் புதிதாக வரவு வைக்கப்படுபவை சிலவே. காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 78 பங்கு நைட்ரஜனாக இருந்தும் செடிகளால் அதை நேரே எடுக்க இயலாது. வேர்முடிச்சுகளில் குடியிருக்கும் ரைசோபியம் முதலிய பாக்டீரியங்கள் அதைப் பிடித்துத் தரவேண்டும். அவரைக் குடும்பத்து மரங்களெல்லாம் இதைச் செய்யும் என்று எண்ணுவது தவறு. அதே குடும்பத்தைச் சேர்ந்த புளியமரத்தில் வேர்முடிச்சு உண்டாவதில்லை. இரண்டாவது வரவு, ஆழத்திலிருந்து வேர் மேலே ஏற்றித் தரும் சுண்ணாம்புச்சத்து, சாம்பல்சத்து போன்றவை. இது நீரிறைப்பது போன்ற வேலை, ஆனால் அடியில் இருப்பு இருந்தால்தான் இறைக்க முடியும். மூன்றாவது, ஒளியிலிருந்தும் காற்றிலிருந்தும் தாவரம் ஆக்கும் கரிமம்; இதுவே ஐயத்துக்கு இடமில்லாத பெரிய வரவு. மணிச்சத்தைப் பொறுத்தவரை எந்த மரமும் அதைக் காற்றிலிருந்து உண்டாக்க இயலாது. ஆகவே பகலில் கொரங்காட்டில் மேயும் ஆடுகள் இரவில் வேறிடத்துப் பட்டியில் அடைக்கப்பட்டு, அந்தப் புழுக்கை தோட்டக்கால் பயிருக்கு வண்டியேறுமானால், தோட்டத்தின் வளம் கொரங்காட்டின் இழப்பாகும் என்பதைக் கணக்கில் வைக்க வேண்டும். இரவும் பகலும் கால்நடை அதே வேலிக்குள் கிடக்கும் நிலத்திலோ, படல் கட்டி இடம் மாற்றி மாற்றிப் பட்டி போடும் நிலத்திலோ, மேய்ந்தது மேய்ந்த மண்ணுக்கே திரும்புகிறது. சாண வண்டுகள் அதை உருட்டியும் புதைத்தும் வெயிலில் வீணாகாமல் உள்ளே சேர்க்கின்றன.

நீரைப் பற்றிய கணக்கு இதைவிடச் சிக்கலானது. 1970களின் இறுதியிலும் 1980களிலும் நைஜீரியாவின் இபாதான் ஆய்வு நிலையத்தில் வளர்க்கப்பட்ட இடைவரிசைப் பயிர்முறை, அதாவது சவுண்டல் போன்ற மரங்களை நெருங்கிய வரிசைகளாக நட்டு, வெட்டிய தழையை இடையிலுள்ள பயிருக்கு உரமாக்கும் முறை, வறண்ட நாடுகளுக்கும் விடிவென்று பரப்பப்பட்டது. மழை மிகுந்த இடங்களில் பயன் தந்த அம்முறை, ஐதராபாத்தை அடுத்த படான்சேருவிலுள்ள பன்னாட்டுப் பயிர் ஆய்வு நிலையத்தின் புன்செய் வயல்களில் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. மண்ணுக்கு மரம் கொடுத்ததைவிடப் பயிரிடமிருந்து அது பிடுங்கிக்கொண்ட நீரின் இழப்பே பெரிதாக இருந்தது. தழையுரத்தின் நன்மையை மட்டும் எண்ணியவர்கள் வேர்களின் போட்டியை எண்ணத் தவறியதே இதற்குக் காரணம். மாறாக, ஆப்பிரிக்காவின் சகேல் பகுதியில் போற்றப்படும் பைதர்பியா என்ற மரம் மழைக்காலத்தில் இலையுதிர்த்து, பயிர் வளரும் பருவத்தில் வெயிலையும் நீரையும் அதற்கு விட்டுக்கொடுக்கிறது. அதன் அடியில் கம்பும் சோளமும் செழிப்பதற்கு இந்தப் பருவ ஒழுங்கும் ஒரு காரணம். நைஜர் நாட்டு உழவர்கள் 1980களின் நடுவிலிருந்து, நாற்று நடாமல், வயலில் தாமாகத் துளிர்க்கும் அடிக்கட்டைகளை வெட்டாமல் விட்டுக் காத்தே ஏறத்தாழ 50 லட்சம் ஹெக்டேரில் மரங்களை மீட்டிருக்கிறார்கள்.

எத்தனை மரம் என்ற கேள்விக்கு புர்கினா பாசோவில் நடந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வு தெளிவான விடை தருகிறது. மரமே இல்லாத நிலத்தில் மேல்மண் இறுகி மழைநீர் வழிந்தோடுகிறது அல்லது ஆவியாகிறது. மரங்கள் நெருங்கினால் உள்ளிறங்கிய நீரை அவையே குடித்து முடிக்கின்றன. இடையிட்டு நிற்கும் மரங்கள் உள்ள நிலத்தில்தான், பழைய வேர்கள் மட்கி விட்டுச்சென்ற துளைகள் வழியே இறங்கும் நீர் மரங்கள் குடித்ததுபோக ஆழத்துக்கும் செல்கிறது. வெள்வேல மரங்கள் தோப்பாக இல்லாமல் தள்ளித்தள்ளி நிற்கும் அமைப்பைப் பார்க்கும்போது, அளவுகோல் எதுவும் இல்லாமல் அனுபவத்தால் இந்த நடுநிலையைக் கண்டடைந்தவர்களின் நுட்பம் மதிக்கத்தக்கதாகத் தோன்றுகிறது. புல் காய்ந்துபோகும் பருவத்தில் அம்மரத்தின் காய்கள் ஆடுகளுக்குத் தீனியாவதால், மரத்தை வெட்டாமல் வைத்திருப்பதற்கும் ஆடு வளர்ப்போருக்கு உடனடிக் காரணம் இருக்கிறது.

இவ்வளவும் நிலைப்பது வேலியால். கிளுவையின் போத்துகளை நெருக்கமாக நட்டு முள்ளோடு முள் பின்ன வளர்க்கப்படும் இவ்வேலி ஆடிக்காற்றின் விசையைத் தரைமட்டத்தில் தணிக்கிறது. சரிவில் வழிந்து வரும் நீர் கொண்டுவரும் மண்ணையும் விதையையும் அதன் அடியிலேயே தடுத்து நிறுத்துகிறது. இருபுற வேலிகளுக்கு இடையே செல்லும் இட்டேரிகளில் நடந்தால் வேலியடி மண் மேடிட்டிருப்பதைப் பல இடங்களில் காணலாம். ஆனால் வேலியின் தலையாய பணி காலத்தை ஆள்வது. மழை பெய்து புல் துளிர்க்கும்போது படலைச் சாத்தி, புல் வளர்ந்து விதை உதிரும்வரை ஆட்டை விடாமல் வைப்பதும், ஒரு பிரிவு மேயும்போது மற்றொன்றுக்கு ஓய்வு தருவதும் வேலி இருந்தால்தான் முடியும். பொது மேய்ச்சல் நிலங்களில் புல்லும் மரமும் இருந்தும் மண் இறுகிப் பொட்டலாவதற்கு, கால்நடையின் எண்ணிக்கையோடு ஓய்வே இல்லாத மேய்ச்சலும் சேர்ந்துகொள்கிறது. ஈரமண்ணில் குளம்புகள் ஓயாமல் மிதித்தால் நீர் இறங்கும் துளைகள் அடைபடும். மிதித்த இடத்துக்கு ஓய்வு கிடைத்தால் வேரும் புழுவும் அதைத் திறந்துவிடும்.

மரமென்றால் எல்லாம் ஒன்றே என்று கருதுவதால் விளையும் கேட்டைச் சீமைக்கருவேலத்தில் காணலாம். அரியானாவின் கர்னாலில் உள்ள மத்திய உவர்மண் ஆய்வு நிறுவனம், களர் நிலத்தில் சீமைக்கருவேலத்தையும் கர்னால் புல்லையும் சேர்த்து வளர்த்து, பயிர் ஏறாத அம்மண்ணின் காரத்தன்மையைக் குறைத்து, கரிமத்தை உயர்த்திக் காட்டியது. அது உண்மையான சாதனை. அதே மரம் மேய்ச்சல் நிலத்துக்குள் புகுந்தால், அதன் காயைத் தின்னும் ஆடே புழுக்கையின் வழி விதையைப் பரப்ப, சில ஆண்டுகளில் புதர் அடர்ந்து புல் மறைந்துவிடுகிறது. அப்போதும் அதன் அடி மண்ணைச் சோதித்தால் கரிமமும் தழைச்சத்தும் கூடியிருப்பதாகவே முடிவு வரலாம். மேய்வதற்கு மட்டும் அங்கே ஒன்றும் இராது. எண்கள் நன்றாக இருக்க நிலம் கெட்டுப்போவது நடக்கக்கூடியதே என்பதால், மண்ணின் தரத்தை அந்த மண்ணின் பயனிலிருந்து பிரித்துப் பேசுவது ஆபத்தானது.

கொரங்காடுகள் இப்போது பல வகையில் குறைந்து வருகின்றன. பாகம் பிரிந்து துண்டான நிலத்தில் மேய்ச்சலைச் சுழற்ற இடமில்லை; ஆழ்துளைக் கிணறு வந்த இடத்தில் புல் போய்த் தென்னை வருகிறது; சாலையோரம் வீட்டுமனைக்குப் போகிறது. வெள்வேலை வெட்டிப் புல்லை உழுதுவிட்டால், திரள்களுக்குள் காற்றுப் படாமல் காக்கப்பட்டிருந்த கரிமம் வெளிப்பட்டு நுண்ணுயிர்களுக்கு இரையாகிறது. முதல் ஓரிரு வெள்ளாமை அந்தக் கரிமம் விடுவித்த சத்தால் நன்றாகவே வரும், அந்த விளைச்சலைக் கண்டு பக்கத்துக் காட்டையும் உழத் தோன்றும். பல பத்தாண்டுகளில் சேர்ந்தது சில ஆண்டுகளில் கரைந்த பின்னரே இழப்பு தெரியவரும். அதனால்தான் இந்த நிலங்களைத் தரிசு என்று பதிவேடுகளில் எழுதுவது வருத்தத்துக்குரியது. ஒன்றும் விளையாத நிலம் என்ற எண்ணத்தை அச்சொல் உண்டாக்கிவிடுகிறது.

அளவிடும் முறையிலும் ஒரு குறை இருக்கிறது. 2015இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்துக்கு முன்பும் பின்பும் உழவர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரை, மண் மாதிரி எடுக்கும்போது மரநிழல், வரப்போரம், எருக்குவித்த இடம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும் என்பது; பயிர்களுக்கு மேற்பரப்பிலிருந்து 15 சென்டிமீட்டர் ஆழம்வரையுள்ள மண் போதும் என்பதும் அதில் அடக்கம். ஒரே பயிர் நிற்கும் வயலுக்கு அது பொருத்தமான அறிவுரையே. கொரங்காட்டுக்கு அதை அப்படியே பின்பற்றினால், மரத்தடியும் வேலியடியும் ஆழமும் ஆகிய, அந்நிலத்தின் வளம் தங்கியிருக்கும் மூன்று இடங்களும் கணக்கிலிருந்து விடுபட்டுப் போகும். வெள்வேலின் அடியில் ஒன்று, அதன் தழைவிளிம்பில் ஒன்று, வெட்டவெளிப் புல்லில் ஒன்று, கிளுவை வேலியின் மேட்டில் ஒன்று என்று தனித்தனியே, பழமரங்களுக்கு எடுப்பதுபோல அடுக்கடுக்காகத் தோண்டி எடுத்து, ஒன்றோடொன்று கலக்காமல் பெயரெழுதி அனுப்பினால்தான், ஆக்கப்பட்டது எவ்வளவு, திரட்டப்பட்டது எவ்வளவு என்ற கேள்விக்கு அந்தந்தக் காட்டின் மண்ணே விடை சொல்லும்.